கூடாரம் போடுமுன் ஓடை எங்கே போகிறது என்று பாருங்கள்

கொல்லிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைப்பது என் தொழில். பதினொரு வருடமாகிறது. போன் செய்கிறவர்கள் வழக்கமாக மூன்று விஷயம் கேட்பார்கள். வியூ எப்படி, கேம்ப் ஃபயர் உண்டா, சார்ஜ் போட வசதி இருக்கிறதா. கக்கூஸ் எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கோ ஒரு முகாம் நல்ல முகாமா இல்லையா என்பதே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தொழில் தொடங்கிய முதல் வருடம், மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசி. வளப்பூர் நாட்டுப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் பத்துக் கூடாரம், இருபத்திரண்டு பேர். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று விளம்பரமே செய்திருந்தேன். காலையில் பல் துலக்கியது, சோப்புப் போட்டுக் குளித்தது, கறிக்குழம்புச் சட்டி தேய்த்தது எல்லாம் அந்த ஓடையிலேயே. ஏழு மணி இருக்கும், கீழ்ப்பக்கமிருந்து ஒரு பாட்டி இரண்டு குடத்தோடு வந்தார். நுரை மிதந்து போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “பரவால்ல சாமி, நான் மேலால போயி மொண்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கூடாரக் கயிறுகளைத் தாண்டித் தாண்டி மேலே ஏறினார். பத்து நிமிடத்தில் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். விடியற்காலையில் எங்கள் ஆட்கள் ஒதுங்கியது மேலே இருந்த புதர் மறைவில்தான். அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

கொல்லிமலையின் தலை கூரை மாதிரிக் குவிந்திருக்காது. மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தவர்களுக்கு, திடீரென்று வயல்களும் வாழையும் தெரிவது ஆச்சரியமாக இருக்கும். அந்த மேட்டில் ஊறும் தண்ணீரெல்லாம் சின்னச் சின்ன ஓடைகளாகச் சேர்ந்து அய்யாறு ஆகிறது. அது அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமாக வந்து ஆகாய கங்கையாக விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிப்போய் ஜனங்கள் தலையைக் காட்டுவது அந்தத் தண்ணீரில்தான். அதே ஆறு மலையை விட்டு இறங்கி, புளியஞ்சோலையில் துறையூர், திருச்சிக் குடும்பங்கள் குளிக்கும் தண்ணீராகிறது. மேலே ஒருவர் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தால், கீழே யார் தலையில் விழுகிறது என்று வரைபடமே இல்லாமல் சொல்லிவிடலாம்.

வருகிறவர்களில் பலருக்கு இது ஆளில்லாத காடு என்ற நினைப்பு. செம்மேட்டில் வல்வில் ஓரியின் குதிரைச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு, சங்க காலத்து மலை, சித்தர் மலை என்று பேசிக்கொண்டே வருவார்கள். ஓரி காலத்தோடு ஊர் முடிந்துவிட்டது போல. மலையாளி என்று பெயர் கொண்ட இந்த மலைப் பழங்குடி மக்களின் ஊர்கள் இன்றும் சேலூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகத்தான் வழங்குகின்றன. எங்கள் பக்கம் காடு என்ற சொல்லுக்கு வனம் என்றும் பொருள், விவசாய நிலம் என்றும் பொருள். சுற்றுலாவுக்கு வருகிறவர் காட்டுக்குள் கூடாரம் போட்டேன் என்று சொல்லும் இடம், பல நேரம் யாரோ ஒருவரின் சாமைக்காடு.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, இது யார் நிலம் என்று. பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள், வாடகை கொடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே 1882-ஆம் வருட வனச் சட்டப்படி குற்றம், அதில் அடுப்பு வேறு மூட்டினால் சொல்லவே வேண்டாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. “எல்லாம் சொல்லிக்கலாம் சார், நம்ம ஆளு இருக்காரு” என்று யாராவது சொன்னால், அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள்.

சரி, கக்கூஸ் விஷயத்துக்கு வருவோம். விவசாயி வீட்டில் கழிப்பறை இருந்தால் அதைத்தான் முதலில் தேடுவேன். அதற்குத் தனியாகப் பணம் கொடுத்து, தண்ணீரும் நாங்களே நிரப்பிவிடுவோம். அது இல்லாத இடத்தில் குழி. ஓடை, சுனை, கிணறு எதுவானாலும் அதிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நிதானமாக நடந்தால் எண்பது தப்படி வரும். மழைத்தண்ணீர் வழிந்தோடும் தடத்தில் கூடாது. ஆழம் 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிவிட்டு, சுத்தமாக வேலை செய்தோம் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். ஆழத்தில் புதைத்தால் அப்படியே கிடக்கும். அதற்காக மேலாக மூடினாலோ நாயும் பன்றியும் கிளறிவிடும். ஆளுக்கு ஒரு களைக்கொத்து கொடுத்து, முதல் நாள் மாலையே வெளிச்சத்தில் இடத்தைக் காட்டிவிடுவேன். இருட்டில் அவசரத்தில் யாரும் எண்பது தப்படி எண்ணுவதில்லை.

அந்தக் குழியில் ஈரத்துடைப்பானைப் போடக் கூடாது. வெட் வைப்ஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் நார் கலந்தவை. நாப்கினும் அப்படியே. இரண்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். பெண்கள் வரும் குழுவில் இதை வெளிப்படையாக, எல்லோர் முன்னாலும், வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். முதலில் சொல்லத் தயங்கினேன். சொல்லாத வருடங்களில் புதருக்குள் என்ன கிடந்தது என்று பொறுக்கின எனக்குத்தான் தெரியும்.

பாத்திரத்துக்கும் இதே கணக்குத்தான். சாப்பிட்ட தட்டை முதலில் வாழைச்சருகால் வழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, குடத்தில் மொண்டு வந்த தண்ணீரில் ஓடையை விட்டுத் தள்ளிக் கழுவி, அழுக்குத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பரவலாக மண்ணில் ஊற்றுங்கள். மண்ணில் மக்கும் சோப்பு என்று அட்டையில் போட்டிருப்பதை ஓடையில் கரைக்க யாரோ கொடுத்த அனுமதிச் சீட்டு போல நினைத்துக்கொள்கிறார்கள். அது மக்க மண் வேண்டும். ஓடும் தண்ணீரில் அதுவும் நுரைதான், மீன்குஞ்சுக்கு அதுவும் கேடுதான். சீயக்காயும் அப்படியே.

கேம்ப் ஃபயரில்தான் எனக்கு வாடிக்கையாளர்களோடு சண்டை வரும். மாசி முதல் வைகாசி வரை கிடையவே கிடையாது. சருகு காய்ந்து, காற்றும் அடிக்கிற நேரம். குளிர்காலத்தில், பட்டா நிலத்தில், தரையில் மூட்டாமல் பழைய டிராக்டர் சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கைக் கல் மேல் தூக்கி வைத்து அதற்குள் கொஞ்சம். தரையில் மூட்டிய இடத்தில் அடுத்த மழைக்கும் புல் வராது. அணைப்பதென்றால் மேலே மண்ணைத் தள்ளுவதில்லை. தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலில் கை வைத்துப் பார்க்கும்போது சில்லென்று இருக்க வேண்டும். இத்தனை சொன்ன பிறகு பாதிப் பேர், தீயே வேண்டாம் அண்ணா என்று விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு நட்சத்திரம் நன்றாகத் தெரியும்.

சாப்பாடு அந்த வீட்டிலேயே செய்து தரச் சொல்லுங்கள். மரவள்ளி வந்த பிறகு சாமையும் தினையும் இந்த மலையில் சுருங்கிவிட்டன. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகள் கீழேயே இருக்கும்போது விவசாயியைக் குறை சொல்ல முடியாது. சாமைச் சோற்றுக்குக் கேட்டு வாங்குகிற ஆள் இருந்தால் ஒரு துண்டு நிலத்திலாவது விதைப்பார்கள். எல்லாவற்றையும் சேலத்திலேயே மூட்டை கட்டி வந்து, நூடுல்ஸ் பாக்கெட்டை மட்டும் மலையில் விட்டுப்போவது என்ன சுற்றுலா?

ஆனால் முடவாட்டுக்கால் சூப்பு பற்றி எனக்கு வேறு எண்ணம். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. சைவ ஆட்டுக்கால் என்று பேர் பரவி, வருகிறவர்களெல்லாம் குடித்துவிட்டு ஒரு கிலோவும் வாங்கிப் போகிறார்கள். வயலில் பயிர் செய்து எடுப்பதல்ல, பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பது. ஒரு டம்ளர் குடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பை நிறைய வாங்காதீர்கள்.

இப்போது என் குழு பன்னிரண்டு பேருக்கு மேல் போவதில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவு, அதற்கு மேல் புல் மஞ்சளாகிவிடும். வருமானம் குறைந்தது உண்மைதான். ஆடி 17, 18-இல் ஓரி விழாவுக்கு மலையே நிரம்பும்போது முகாமே போடுவதில்லை.

கீழே இறங்கியதும் சேந்தமங்கலத்தில் ஒரு மளிகைக் கடைத் தராசில் குப்பை மூட்டையை நிறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கடைக்காரர் முதலில் முறைத்தார், இப்போது அவரே எத்தனை கிலோ என்று கேட்கிறார். போன தடவை பதினொரு பேருக்கு ஒரு கிலோ நானூறு கிராம். அதில் பாதி ஒரே ஒருவர் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்கள். அடுத்த முறை அவர் எவர்சில்வர் குப்பி எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.