முயலை மல்லாக்கப் போட்டுச் சீவாதீர்கள்

கோலாலம்பூர் (கே.எல்.) செந்தூலில் இருந்து, சிங்கம் போலப் பிடரி முடி நீண்ட லயன்ஹெட் வகை முயல் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். முன்னங்கால்கள் தரையைத் துழாவுகின்றன, பின்னங்கால்கள் அசைவில்லாமல் இழுபடுகின்றன. எக்ஸ்ரேயில் இடுப்புப் பகுதியின் கடைசி முதுகெலும்பு உடைந்திருந்தது. "கீழே விழுந்ததா?" என்று கேட்டேன். "இல்லைங்க டாக்டர், பிரஷ்தான் பண்ணோம். சீவ விடவே மாட்டேங்குது. மடியில மல்லாக்கப் போட்டா தூங்கிடும்னு வீடியோவில பாத்தோம்" என்றார் அந்த அக்கா. தூங்கிய முயல் சட்டென்று ஓர் உதை உதைத்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

இதே கதையை வேறு வேறு வீட்டார் சொல்லி ஏற்கனவே கேட்டிருக்கிறேன். அந்த வீடியோவை எடுத்தவர் யாரோ, என் கண்ணில் படாமல் இருப்பது அவருக்கு நல்லது.

முயல் தூங்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முயல் இரையாகப் பிறந்த பிராணி. காட்டில் அது மல்லாந்து கிடக்கிறது என்றால் ஏதோ ஒரு மிருகம் அதைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டது என்று பொருள். இனி ஓட வழியில்லை என்றானதும் உடம்பு தானாக உறைந்துபோகும். பிடித்தது பிடியைத் தளர்த்தினால் அந்த நொடியில் துள்ளி ஓடலாம், அதற்கான கடைசி உபாயம் இது. நாம் அதை மடியில் வைத்துக்கொண்டு "எவ்வளவு சமத்துப் பாருங்க" என்று படம் எடுக்கிறோம். இப்படிக் கிடத்திய முயல்களின் மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்தத்தில் உள்ள அழுத்த ஹார்மோனையும் அளந்து பார்த்த ஆய்வாளர்களும் இது ஓய்வு அல்ல, பயம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க முயலுக்கு அது பிடிக்கும் டாக்டர்" என்பார்கள். பிடித்திருந்தால் தானே வந்து மல்லாந்து படுத்திருக்குமே! நாய் படுக்கிறது. முயல் நிம்மதியாக இருந்தால் பக்கவாட்டில் பொத்தென்று சாயும், அது வேறு. நீங்கள் பிடித்துக் கவிழ்ப்பது வேறு. எங்கள் தொழிலிலும் நகம் வெட்ட முயலை மல்லாத்திப் போடுகிற பழக்கம் உண்டு. அவசியமே இல்லை, உட்கார்ந்த நிலையிலேயே வெட்டலாம். உங்கள் டாக்டர் அப்படிச் செய்தால் மரியாதையாகக் கேளுங்கள், தப்பில்லை.

அந்த உறைந்த நிலையில் இருந்து முயல் எப்போது விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழித்தால் முழு பலத்தோடு உதைக்கும். பின்னங்கால் தசை அத்தனை வலுவானது, எலும்போ மெல்லியது. பூனையின் எலும்புக்கூடு உடல் எடையில் 12, 13 விழுக்காடு இருக்கும். முயலுக்கு 7, 8 தான். முயல் தன் முதுகைத் தானே உடைத்துக்கொள்வது இப்படித்தான்.

மல்லாத்தவில்லை என்றால் குளிப்பாட்டுகிறார்கள். கே.எல். வெயிலுக்கு முயலுக்கும் ஒரு குளியல் போட்டால் நல்லதுதானே என்ற நல்லெண்ணம். பேபி ஷாம்பூ, வாளி, அப்புறம் ஹேர் டிரையர். நனைந்த முயலின் அடிமுடி எளிதில் காயாது, உடல்வெப்பம் மளமளவென்று இறங்கும். பயம் அதற்கு மேல். தயவுசெய்து வேண்டாம். பின்புறம் அழுக்காக இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். சூட்டுக்கு மின்விசிறியோ ஏர்கானோ போதும்.

அடுத்தது கத்தரிக்கோல். சிக்குப் பிடித்த முடி தோலைக் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். முடி என்று நினைத்து நீங்கள் வெட்டுவது தோல். முயல் தோல் டிஷ்யூ பேப்பர் மாதிரி, தைப்பதற்குள் எங்களுக்கே வியர்த்துவிடும். சிக்கின் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்து மெல்லப் பிரித்தெடுங்கள். தோலோடு ஒட்டிப்போயிருந்தால் கொண்டு வாருங்கள், மெஷினால் எடுத்துவிடுகிறோம். கம்பிப்பல் பிரஷ் இருந்தால் அதைப் பூனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் அடிமுடியை மட்டும் ஒட்ட மழிக்காதீர்கள். நாய், பூனை போல முயலுக்கு உள்ளங்கால் மெத்தை கிடையாது, அந்த முடிதான் மெத்தை.

சரி, சீவ விடாத முயலை என்னதான் செய்வது?

மேசையில் வைக்காதீர்கள். தரையில் வழுக்காத பாயைப் போட்டு அதன் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். விரட்டிப் பிடித்தால் அன்றைக்குச் சீவுவதை விட்டுவிடுங்கள். முதலில் நெற்றி, கன்னம், அங்கேதான் அதற்குத் தடவினால் பிடிக்கும். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, முடி போகும் திசையில் தலையில் இருந்து முதுகு வரை தடவுங்கள். உதிரத் தயாராக இருக்கும் முடி கையோடு வந்துவிடும். பல முயல்களுக்கு இதுவே போதும், பிரஷ்ஷே வேண்டாம். கைக்குப் பழகிய பிறகு ரப்பர் பிரஷ். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அது எழுந்து போவதற்குள் நீங்களே நிறுத்திவிடுங்கள். ஒரு கொத்தமல்லித் தழை கொடுங்கள். நாளைக்கு மறுபடியும். வயிறும் பின்புறமும் கடைசியில், முடிந்தால் இன்னொருவர் நெஞ்சையும் பின்புறத்தையும் தாங்கிப் பிடிக்க.

லயன்ஹெட், அங்கோரா வகைக்குத் தினமும் வேண்டும். குட்டை முடிக்கு வாரம் ஒருமுறை, உதிரும் காலத்தில் தினமும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் வசந்தம், இலையுதிர் காலம் என்று போட்டிருக்கும். பகலின் நீளம் மாறுவதை வைத்துத்தான் முடி உதிரும், நமக்கோ வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். அதனால் இங்கே காலண்டரை நம்பாமல், சோபாவில் ஒட்டுகிற முடியைப் பாருங்கள்.

"முடியை விழுங்கி வயிறு அடைத்துக்கொள்ளும், அதனால பப்பாளி கொடுக்கிறோம், அன்னாசி ஜூஸ் கொடுக்கிறோம்" என்பவர்களுக்கு: முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் அந்தப் பழங்களின் நொதி முடியைக் கரைக்காது. உள்ளே போவது சர்க்கரைதான். நன்றாக ஓடுகிற குடல் முடியைத் தானே தள்ளிவிடும், நின்றுபோன குடலில்தான் அது தங்கும். குடலை ஓட வைப்பது உலர்புல். பெல்லட் தீவனமும் கங்கோங் கீரையும் மட்டும் போட்டு வளர்த்தால் எவ்வளவு சீவியும் பயனில்லை. குடலை நிறுத்துவதில் பயத்துக்கும் பங்கு உண்டு. போராடிச் சீவிய அன்றே முயல் சாப்பாட்டை நிறுத்துவதை நாங்கள் பார்க்கிறோம்.

இதுவரை சீவவிட்ட முயல் திடீரென்று மறுத்தால் அடம் என்று திட்டாதீர்கள். மூட்டுவலி, தோல் புண், பூச்சி, ஏதோ ஒன்று வலிக்கிறது. முதுகில் மாவு தூவியதுபோல் பொடுகு இருந்தால் அநேகமாகப் பூச்சிதான். அதற்கு நாய், பூனைக்கு வாங்கிய சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து முயலைக் கொன்றுவிடக்கூடும். பின்புறம் ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் அன்றே தூக்கிப் பாருங்கள். நம் ஊர் ஈ அதில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும்.

காலையில் இருந்து மாலை வரை சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் சீப்பைத் தேடாமல் வண்டியை எடுங்கள். முயல் பார்க்காத கிளினிக்குகளும் உண்டு, அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கூடையில் ஒரு பிடி உலர்புல் போட மறக்க வேண்டாம்.