லண்டனில் இருந்த ஒரு பிரதி

போன மாதம் எங்கள் அனிமேஷன் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முகம் செத்துப்போய் வந்து நின்றான். கல்லூரியிலிருந்து மூன்று வருடமாகச் செய்த சொந்த வேலை அத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்கில். அது மேஜையிலிருந்து விழுந்ததிலிருந்து டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வருகிறதாம். மிச்சம் இருப்பது யூடியூபில் ஏற்றிய ஷோரீல் (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பு), அதுவும் தரம் குறைந்து போனது. திட்ட மனசு வரவில்லை, நானும் ஒரு காலத்தில் இதே கூத்தை அடித்து ஒரு குறும்படத்தையே தொலைத்தவன். அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, நிழலுருவ அனிமேஷன் படம் எடுத்த ஜெர்மன் பெண்மணி லோட்டே ரைனிகர் கதையைச் சொன்னேன்.

ரைனிகர் 1899இல் பெர்லினில் பிறந்தவர். கறுப்புக் காகிதமும் கத்தரிக்கோலும் கையில் கொடுத்துவிட்டால் போதும், எந்த உருவத்தையும் வெட்டிவிடுவார். மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் படித்தபோது நடிகர்களின் நிழலுருவங்களை வெட்டி வெட்டியே இயக்குநர் பால் வெகனரின் கண்ணில் பட்டார். 1918இல் வெகனர் எடுத்த, எலி பிடிப்பவன் கதைப் படத்தில் நிஜ எலிகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; மர எலிகளைச் செய்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்த வேண்டியதாயிற்று. அந்த வேலையில் இவரும் இருந்தார். அடுத்த வருடமே சொந்தமாக ஒரு சின்னப் படம்.

அப்புறம் 1923. ஜெர்மனியில் காசுக்கு மதிப்பே இல்லாத பணவீக்க நேரம். லூயிஸ் ஹாகன் என்ற வங்கிக்காரர் பணத்தைக் காப்பாற்ற ஃபிலிம் சுருளாக வாங்கிப் போட்டிருந்தார், அந்தச் சுருளில் ஒரு முழுநீளப் படம் எடுக்க முடியுமா என்று இவரைக் கேட்டார். போட்ஸ்டாமில் அவர் வீட்டு கராஜுக்கு மேலே ஸ்டுடியோ. ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து கதை எடுத்து 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' ஆரம்பமானது.

பொம்மை செய்த விதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் உருவத்துக்கு மூட்டு வைத்து ரிக் போடுகிறவர்களுக்குப் பிடிக்கும். தலை, கழுத்து, மேல்கை, முன்கை, உள்ளங்கை எல்லாம் தனித்தனித் துண்டு. கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத்தகடும் சேர்த்து வெட்டி, மூட்டுக்கு மூட்டு சின்னக் கம்பியால் கட்டுவார். கீழேயிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் அதைப் படுக்கவைத்து, மயிரிழை நகர்த்தி, மேலே தொங்கும் கேமராவால் ஒரு ஃப்ரேம் எடுத்து, மறுபடி நகர்த்தி, இப்படியே மூன்று வருடம். பின்னணிக்கு ட்ரேசிங் பேப்பர். அடுக்கு கூடக்கூட இருட்டு கூடும். கணவர் கார்ல் கோக் கேமராவைப் பார்த்துக்கொண்டார். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு நிழல் புதிதில்லை, ஆனால் கூத்தில் ஆட்டுகிறவர் கையை அசைக்கும்போதே பொம்மையும் அசைந்துவிடுகிறதே!

1926 மே 2 அன்று பெர்லினில் முதல் காட்சி. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட்டுக்குப் பதினொரு வருடம் முன்னால். இன்டர்வியூவில் முதல் முழுநீள அனிமேஷன் எது என்று கேட்டால் பாதிப் பேர் ஸ்னோ ஒயிட் என்கிறார்கள். சரி, அக்மதும் முதல் படம் இல்லை. 1917இலேயே அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி ஒன்று எடுத்துவிட்டார், அதன் பிரதிகள் தீயில் போய்விட்டன. அதனால்தான் ரைனிகரின் படத்தை, கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது என்று சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதுவும் போயிருக்க வேண்டியதுதான். நாஜிகள் காலத்தில் ரைனிகரும் கோக்கும் வெளியேறி, எந்த நாட்டிலும் நிரந்தர விசா கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்து, போர் முற்றிய நேரத்தில் தாயைப் பார்த்துக்கொள்ள பெர்லினுக்கே திரும்பினார்கள். 1945 சண்டையில் படத்தின் மூல நெகட்டிவ் (பிரதிகள் போட உதவும் முதல் ஃபிலிம்) அழிந்தது. லண்டன் ஆவணக் காப்பகத்தில் சாயம் ஏற்றிய பழைய நைட்ரேட் (அந்தக் கால ஃபிலிம் வகை) பிரதி ஒன்று இருந்தது. பிராங்பர்ட் திரைப்பட அருங்காட்சியகம் 1999இல் அதை வைத்துத்தான் பழைய வண்ணங்களோடு படத்தை மீட்டது. ரைனிகர் 1981இலேயே இறந்துவிட்டார்.

இப்போது நம்ம கதை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரிலோ க்ளவுடிலோ என்று எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான், யாரும் செய்வதில்லை. ஒரே அலமாரியில் மூன்று டிஸ்க் வைப்பதை பேக்கப் என்று சொல்லாதீர்கள், வெள்ளம் வந்தால் மூன்றும் சேர்ந்தே நனையும். ரெண்டர் செய்த, அதாவது முடிந்த வீடியோவாக்கிய, எம்பி4 மட்டும் போதாது. ப்ராஜெக்ட் ஃபைல், டெக்ஸ்ச்சர் (உருவத்தின் மேல் போர்த்தும் படங்கள்), ஃபான்ட், எந்த மென்பொருளின் எந்த வெர்ஷனில் செய்தீர்கள் என்ற குறிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் நெகட்டிவ். வருடம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள், திறக்காத பிரதி இருந்தும் இல்லாத மாதிரி. கம்பெனி வேலையைச் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விடாதீர்கள், எதை ஷோரீலில் வைக்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பையனுக்கு நேற்று ஒரு நல்ல சேதி. கூடப் படித்தவன் லேப்டாப்பில் அவனுடைய பாட்டி கேரக்டரின் பழைய ரிக் ஒன்று கிடைத்திருக்கிறது. முதல் வருடத்து வெர்ஷன், பாட்டிக்கு இடது கை இல்லை. உட்கார்ந்து கையைச் செய்துகொண்டிருக்கிறான்.