ஃபிரேமுக்குள் குடியிருப்பது யார்?

"எங்கள் பக்கத்துக்குள் இன்னொரு தளத்தின் பதிவுப் படிவத்தை ஐஃபிரேமில் வைத்திருக்கிறோம். அதன் உயரத்தை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால் செக்யூரிட்டி எரர் வருகிறது. போஸ்ட்மெசேஜ் மூலம் செய்தி அனுப்பினால் ஒருமுறை போய்ச் சேர்கிறது, மறுமுறை சேர்வதில்லை. என்ன காரணம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஐஃபிரேம் என்பது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சதுரம். போஸ்ட்மெசேஜ் என்பது அந்த இரண்டு பக்கங்களுக்கிடையே செய்தி அனுப்பும் கட்டளை. இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு ஃபிரேமைப் பிடிக்கும்போது அதன் கைக்கு வருவது வீடு. வீட்டில் குடியிருப்பவர் அல்ல. குடித்தனம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1996-இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2, ஃபிரேம்களையும் ஜாவாஸ்கிரிப்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதே ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 ஐஃபிரேமைச் சேர்த்தது. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4 இரண்டையும் ஏற்றுக்கொண்டது. எச்டிஎம்எல் 5 ஃபிரேம்செட்டைக் கைவிட்டு ஐஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டது. அப்படியிருந்தும் சில கல்லூரி ஆய்வக வகுப்புகளில் திரையை மூன்றாகப் பிரித்து ஃபிரேம்செட் எழுதும் பயிற்சி இன்னும் நடக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை, அடுத்து வரும் ஆரிஜின் விதிக்குக் கொடுத்தால் மாணவர்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஆரிஜின் என்பது மூன்று துண்டுகள்: நெறிமுறை, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண். மூன்றும் அப்படியே ஒத்துப்போனால்தான் இரண்டு பக்கங்களும் ஒரே ஆரிஜின். ஒரே தளமே என்றாலும், முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் வேறு வேறு ஆரிஜின். எச்டிடிபியும் எச்டிடிபிஎஸ்ஸும் வேறு. உங்கள் கணினியில் 3000 போர்ட்டில் ஓடும் பக்கமும் 8080-இல் ஓடும் பக்கமும் வேறு. ஆரிஜின் ஒன்றாக இருந்தால் வெளிப்பக்கம் உள்பக்கத்தை முழுக்கப் படிக்கலாம், மாற்றலாம். வேறாக இருந்தால், உள்ளிருக்கும் ஆவணத்தைத் தரும் கன்டென்ட்டாக்குமென்ட் என்ற பண்பு "நல்", அதாவது எதுவும் இல்லை என்ற மதிப்பைத்தான் தரும். ஃபிரேமின் விண்டோவைத் தரும் கன்டென்ட்விண்டோ கிடைக்கும், ஆனால் அதன் வழியாக ஆவணத்தைத் தொட்டால் செக்யூரிட்டி எரர். வாசகர் உயரம் கேட்டபோது நடந்தது இதுதான்.

வேறு ஆரிஜின் என்றாலும் கதவு முழுக்கச் சாத்தப்படுவதில்லை. போஸ்ட்மெசேஜ், ஃபோகஸ், பேரன்ட், டாப், உள்ளே எத்தனை ஃபிரேம்கள் என்று சொல்லும் லெங்த் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. லொகேஷன் இன்னும் விசித்திரம். உள்பக்கத்தின் முகவரியை மாற்றி எழுத விடும், படிக்க விடாது. இப்போது உள்ளே யார் என்று தெரியாமலேயே அவரைக் காலி செய்துவிட்டு வேறொருவரைக் குடிவைக்கலாம்.

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான். கன்டென்ட்விண்டோ என்று கேட்டால் உலாவி கொடுப்பது விண்டோ பொருளை அல்ல, விண்டோபிராக்ஸி என்ற பொருளை. ஒவ்வொரு ஆவணமும் பொதுவாகத் தனக்கென ஒரு விண்டோவுடன் வருகிறது. பக்கம் மாறினால் அந்த விண்டோ போய் வேறொன்று வரும். விண்டோபிராக்ஸி மட்டும் ஐஃபிரேம் இருக்கும் வரை மாறாது. அது வாசற்கதவு. கதவில் எதைக் கேட்டாலும், அந்த நொடியில் உள்ளே குடியிருக்கும் விண்டோவிடம் அது கேட்டுச் சொல்லும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே ஆரிஜினில் உள்ள ஐஃபிரேம் ஒன்றின் கன்டென்ட்விண்டோவை ஒரு மாறியில் வையுங்கள். அதன் ஆவணத்தை இன்னொரு மாறியில் வையுங்கள். விண்டோவின் மேல் ஏதாவது ஒரு பண்பை, சோதனை என்ற பெயரில் 5 என்று, எழுதி வையுங்கள். பிறகு ஐஃபிரேமை அதே தளத்தின் வேறொரு பக்கத்துக்கு அனுப்புங்கள். முதல் மாறியை இப்போதைய கன்டென்ட்விண்டோவோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் உண்மை என்று வரும். ஆனால் அதன் மேல் நீங்கள் எழுதிய 5 காணாமல் போயிருக்கும். கதவு அதேதான், உள்ளே ஆள் மாறிவிட்டார். இரண்டாவது மாறியில் இருப்பதோ பழைய ஆவணம். அதில் ஒரு பத்தியைச் சேர்த்தால் நிரல் முணுமுணுக்காமல் சேர்த்துவிடும். பிழைச்செய்தி வராது. திரையில் மட்டும் எதுவும் மாறாது. "நிரல் ஓடுகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்ற புகார்களில் பலவற்றுக்கு இந்தப் பழைய ஆவணம்தான் காரணம். ஆவணத்தை மாறியில் சேமித்து வைக்காதீர்கள். தேவைப்படும் ஒவ்வொரு முறையும் கதவிலிருந்து புதிதாகக் கேளுங்கள்.

இதே ஏமாற்று, ஐஃபிரேம் பிறந்த நொடியிலும் நடக்கும். ஜாவாஸ்கிரிப்டால் ஐஃபிரேமை உருவாக்கிப் பக்கத்தில் சேர்த்ததும் அதற்குள் ஒரு வெற்று ஆவணம் உடனே உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் கொடுத்த முகவரி சர்வரிலிருந்து வந்த பிறகுதான் அது வெளியேறும். அடுத்த வரியிலேயே ஆவணத்தைப் பிடித்தால் இந்த வெற்று ஆவணம்தான் சிக்கும். வேறு ஆரிஜின் முகவரி என்றாலும் அந்தச் சில மில்லிவினாடிகளுக்கு உள்ளே இருப்பது உங்கள் ஆரிஜினுக்கே உரிய வெற்று ஆவணம் என்பதால் பிழைகூட வராது. இதற்கு மருந்தாக இரண்டு வினாடி டைமர் போடும் வழக்கம் பரவலாக உண்டு. காரணம் தெரியாமல் செய்யும் பரிகாரம் அது. வேகமான இணைப்பில் பலித்தது போலத் தோன்றும், மெதுவான கைபேசியில் கைவிடும். ஒரே ஆரிஜின் என்றால், பக்கம் வந்து முடிந்ததைச் சொல்லும் லோட் நிகழ்வுக்குக் காத்திருப்பதே முறை.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் (சிப்) பலவீனம் வெளியானது. ஒரே பிராசஸில் ஓடும் நிரல் ஒன்று, எட்டக்கூடாத நினைவகத்தை நேர அளவுகளைக் கொண்டு ஊகித்துவிடும் என்று தெரிந்தது. அதே ஆண்டு கணினிக்கான குரோம் 67 முதல், வேறு தளத்தைச் சேர்ந்த ஐஃபிரேம்கள் தனி பிராசஸுக்குப் போயின. 2021-இல் ஃபயர்பாக்ஸும் இதே வழிக்கு வரத் தொடங்கியது. ஆக, உங்கள் பக்கத்தில் ஒரு சதுரமாகத் தெரியும் படிவம் இயங்குதளத்தின் பார்வையில் வேறொரு நிரல். உங்கள் மாறியில் இருக்கும் கதவுக்குப் பின்னால் இருந்த வீடே இடம் பெயர்ந்துவிட்டது. ஆனால் மாறி மாறவில்லை, ஒப்பீடு பொய்க்கவில்லை, நீங்கள் ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை. கண்ணில் படாத இந்த உழைப்புக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. திறந்த மூல உலாவிகளுக்கும் அவற்றின் பாதுகாப்பு ஆய்வுக்கும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உலகமே வங்கிக்கணக்கைத் திறந்து பார்க்கும் கருவி இது.

இனி வாசகரின் இரண்டாவது கேள்வி. போஸ்ட்மெசேஜ் அழைக்கும்போது செய்தியோடு டார்கெட்ஆரிஜின் என்ற இரண்டாவது மதிப்பு எதற்கு என்பது இப்போது புரியும். செய்தியை நீங்கள் போடுவது கதவில். அதை எடுக்கப்போகிறவர் நீங்கள் நினைத்த ஆளா என்பது உங்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர் இந்த ஆரிஜினாக இருந்தால் மட்டும் கொடு என்று உலாவிக்கு இடும் கட்டளை அது. பொருந்தாவிட்டால் உலாவி செய்தியைக் கொடுக்காமல் விட்டுவிடும். அனுப்பிய நிரலுக்கு எந்தப் பிழையும் வராது, கன்சோலில் ஒரு வரி மட்டும் விழும். வெற்று ஆவணம் உள்ளே இருக்கும்போது அனுப்பிய செய்தியும் இப்படியே வீணாகும். ஒருமுறை போய் மறுமுறை போகாததன் மர்மம் இதுதான். கடுப்பில் நட்சத்திரக்குறியைப் போடுகிறவர்கள் உண்டு. அதன் பொருள், யார் திறந்தாலும் கொடு என்பது. உள்நுழைவு டோக்கன் போன்ற எதையும் அப்படி அனுப்பக்கூடாது.

காத்திருப்பதற்குச் சரியான முறை, உள்பக்கம் முதலில் பேசுவது. அது தன் கேட்பு நிரலைப் பொருத்திய பிறகு பேரன்ட்டுக்கு "தயார்" என்று அனுப்பட்டும். வெளிப்பக்கம் அதற்குப் பிறகே பேசட்டும். பெறும் பக்கம் இரண்டு சோதனைகளைச் செய்ய வேண்டும்: நிகழ்வின் ஆரிஜின் எதிர்பார்த்ததுதானா, நிகழ்வின் சோர்ஸ் நம் ஐஃபிரேமின் கன்டென்ட்விண்டோதானா. ஆரிஜின் ஒப்பீட்டில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். நிகழ்வில் வரும் ஆரிஜினின் கடைசியில் சாய்கோடு இருக்காது. நீங்கள் சாய்கோட்டோடு எழுதியிருந்தால் ஒருநாளும் பொருந்தாது. ஸ்டார்ட்ஸ்வித் கொண்டு தொடக்கத்தை மட்டும் பார்ப்பது அதைவிட ஆபத்து. உங்கள் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் தன் பெயரும் சேர்த்து எவரும் ஒரு துணைத்தளம் தொடங்கிவிடலாம், அது உங்கள் சோதனையைத் தாண்டிவிடும். முழுச் சமம் மட்டுமே பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிப்பொறி இருக்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்குமே தமிழில் முடியும் உயர்நிலை முகவரிகள் உண்டு. டார்கெட்ஆரிஜினில் முகவரியைத் தமிழிலேயே எழுதினால் உலாவி அதை மாற்றிப் புரிந்துகொள்ளும், செய்தி போய்விடும். ஆனால் பெறும் இடத்தில் நிகழ்வின் ஆரிஜின் தமிழில் வராது. எக்ஸ், என் என்ற இரண்டு ரோமன் எழுத்தும் இரண்டு சிறுகோடும் முன்னால் நிற்கும் பியூனிகோட் வடிவில் வரும். தமிழ்ச் சரத்தோடு நேராக ஒப்பிட்டால் பொருந்தாது. முகவரியை யுஆர்எல் பொருளாக்கி அதன் ஆரிஜின் பண்பை எடுத்து, அதோடு ஒப்பிடுங்கள்.

செய்திக்குள் சரம், எண், தேதி, மேப், செட், பைட் வரிசைகள் எல்லாம் நகலாகிப் போகும். ஃபங்ஷனும் பக்கத்தின் உறுப்புகளும் போகா, டேட்டாக்ளோன் எரர் வரும். நீண்ட உரையாடல் தேவைப்பட்டால் மெசேஜ்சேனல் உருவாக்கி, அதன் இரண்டு போர்ட்டுகளில் ஒன்றை முதல் செய்தியோடு கைமாற்றிவிடலாம். இதன் அழகு என்னவென்றால், போர்ட் கதவில் மாட்டப்படுவதில்லை, குடியிருப்பவரின் கையில் கொடுக்கப்படுகிறது. அவர் காலி செய்தால் போர்ட்டும் செத்துப்போகும். அடுத்து வருபவர் கைக்கு அது கிடைக்காது.

உயரத்துக்கு வருவோம். உள்பக்கம் தானே அளந்து செய்தியாக அனுப்ப வேண்டும், வேறு வழி கிடையாது. எதை அளப்பது என்பதில் கவனம் தேவை. மூல உறுப்பின் (எச்டிஎம்எல் குறிச்சொல்லின்) ஸ்குரோல்ஹைட் ஐஃபிரேமின் உயரத்துக்குக் கீழே இறங்காது. ஆகவே 900 பிக்சலாக இருந்த படிவம் 500-ஆகச் சுருங்கினாலும் 900 என்றே சொல்லும், கீழே வெள்ளைப் பரப்பு நிற்கும். எல்லாவற்றையும் ஒரே டிவ்வுக்குள் வைத்து, அளவு மாறினால் சொல்லும் ரீசைஸ்அப்சர்வர் கொண்டு அந்த டிவ்வைக் கவனியுங்கள். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 612.4-ஐ 612 ஆக்கினால் தேவையில்லாத உருள்பட்டை முளைக்கும். பக்கம் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகிறதா? உள்பக்கத்தின் பாடி உறுப்புக்கு 100 விஎச், அதாவது ஃபிரேமின் முழு உயரம், கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐஃபிரேம் 400 பிக்சல் என்றால் பாடி 400, மேலும் கீழும் இயல்பான 8 பிக்சல் விளிம்பு சேர்ந்து 416. வெளிப்பக்கம் 416 ஆக்கும், உடனே பாடியும் 416 ஆகும், மொத்தம் 432. இப்படி 16, 16-ஆக முடிவில்லாமல் ஏறும்.

ஃபிரேம் வெறுமையாகவே நின்றால் லோட் நிகழ்வை நம்பாதீர்கள். பக்கம் மறுக்கப்பட்டாலும் அது வரும். வேறு தளங்களில் என்ன நடக்கிறது என்று யாரும் நோட்டம் பார்க்கக்கூடாது என்பதால் உலாவி அந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை. "தயார்" செய்தி ஐந்து வினாடிக்குள் வராவிட்டால் பயனருக்கு நேரடி இணைப்பைக் காட்டுவதே நல்லது. காரணத்தைத் தேட, உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியில் அந்தப் பக்கத்தின் ஹெடர்களை (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்புகளை) திறங்கள். எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் இருந்தாலோ, பாதுகாப்புக் கொள்கை ஹெடரின் ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ் பட்டியலில் உங்கள் தளம் இல்லாவிட்டாலோ அந்தத் தளம் உங்களை அனுமதிக்கவில்லை என்று பொருள். இரண்டும் இருந்தால் பின்னதே செல்லும். இவற்றை மெட்டா குறிச்சொல்லில் எழுதிப் பயனில்லை, சர்வர்தான் அனுப்ப வேண்டும். யூடியூபின் சாதாரண வாட்ச் முகவரி ஐஃபிரேமில் திறக்காமல் எம்பெட் முகவரி திறப்பது இதனால்தான். எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் எச்டிடிபி ஃபிரேம் வைத்திருந்தாலும் வெறுமைதான்.

பக்கம் வருகிறது, உள்நுழைவு மட்டும் நிலைக்கவில்லை என்றால் குக்கியைப் பாருங்கள். 2020 முதல் குரோம், சேம்சைட் (வேறு தளத்துக்குள்ளும் குக்கி போகலாமா என்று சொல்லும் அமைப்பு) குறிப்பிடாத குக்கிகளை வேறு தள ஃபிரேமுக்குள் அனுப்புவதில்லை. சேம்சைட்=நன் என்றும் செக்யூர் என்றும் இரண்டையும் சேர்த்தே குறிக்க வேண்டும். சஃபாரியில் அதுவும் செல்லாது. ஐஃபிரேமில், உள்பக்கத்தின் செயல்களைக் கட்டுப்படுத்தும் சேண்ட்பாக்ஸ் பண்பு இருந்து, ஒரே ஆரிஜின் அனுமதி கொடுக்கப்படாமல் இருந்தால், அங்கிருந்து வரும் செய்தியின் ஆரிஜின் "நல்" என்ற சரமாக இருக்கும். அதற்காக, உங்கள் சொந்த ஆரிஜின் பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் அனுமதியையும் ஒரே ஆரிஜின் அனுமதியையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். உள்பக்கம் தன் சேண்ட்பாக்ஸ் பண்பைத் தானே அழித்துவிட்டு, தன்னை மறுபடி லோட் செய்துகொள்ள அது போதும்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதபோது, குரோமின் கன்சோலில் மேலே டாப் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ஐஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, லொகேஷன்.ஆரிஜின் என்று அடித்து என்டர் தட்டுங்கள். இந்த நொடியில் உள்ளே குடியிருப்பவரின் பெயர் வரும்.