ஒளியேற்பி என்றால் செல்லா, புரதமா?

“சுண்டெலியின் ஒளியேற்பியைப் பாதியாகக் குறைத்தபோது ஒளிக்கான துலங்கல் (எதிர்வினை) வேகமானது.” இந்த மாதிரி வாக்கியங்கள் அறிவியல் தமிழில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பாதியானது விழித்திரைச் செல்களா, செல்லுக்குள் இருக்கும் புரதமா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாது.

ஒளியேற்பி என்று நாம் மொழிபெயர்ப்பது ஆங்கிலத்தின் போட்டோரிசெப்டரை. அதில் ஒளிக்கான கிரேக்கச் சொல்லும், வாங்கிக்கொள்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் சேர்ந்திருக்கின்றன. விழித்திரையில் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் குச்சி செல், கூம்பு செல் இரண்டுக்கும் பொதுப்பெயர் அது.

குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. 1900-ஐ ஒட்டி ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக், செல்லில் வேதிப்பொருள் வந்து பற்றும் இடத்தை ரிசெப்டர் என்றார். 1906-ல் வந்த தன் நூலில் ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் அதே சொல்லைப் புலன்களின் உணரும் அமைப்புக்கு வைத்தார். ஆங்கிலம் இரண்டு பொருளையும் சுமக்கிறது என்பதற்காக நாமும் ஏன் சுமக்க வேண்டும்? தமிழில் ‘ஏற்பி’ இன்று மூலக்கூறுக்கு நிலைத்துவிட்டது. இன்சுலின் ஏற்பி, ஹார்மோன் ஏற்பி என்கிறோம். அந்தக் கணக்கில் குச்சி செல்லின் உண்மையான ஏற்பி, ஒளியை உள்வாங்கும் புரதமான ரோடாப்சின்தான். ஒவ்வொரு செல்லிலும் அது கோடிக்கணக்கில் இருக்கிறது.

சுண்டெலி ஆய்வுகளில் இந்த வேறுபாடுதான் உயிர்நாடி. ரோடாப்சின் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை நீக்கினால் ரோடாப்சின் ஏறத்தாழ பாதியாகிறது. செல்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. அவற்றின் துலங்கல் எழுவதும் அடங்குவதும் விரைவாகின்றன என்று 2001-ல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு பிரதிகளையும் நீக்கினாலோ ரோடாப்சின் நிறைந்திருக்க வேண்டிய செல்லின் முனைப்பகுதியான புறத்துண்டமே உருவாவதில்லை. சில மாதங்களில் செல்களும் அழிகின்றன. முதலாவதில் குறைந்தது ஏற்பி மட்டும். இரண்டாவதில் ஏற்பி இல்லாததால் செல்லும் போய்விட்டது. இரண்டுக்கும் ‘ஒளியேற்பி இழப்பு’ என்று எழுதினால் ஆய்வின் முடிவே காணாமல் போகிறது. 2006-ல் வந்த இன்னோர் ஆய்வில் துலங்கலை அடக்க உதவும் ஆர்ஜிஎஸ்9 என்ற புரதத்தின் அளவைக் கூட்டியதும் துலங்கல் சீக்கிரம் அடங்கியது. ரோடாப்சினின் செயலை நிறுத்த உதவும் நொதியான ரோடாப்சின் கைனேஸைக் கூட்டியபோது அடங்கும் வேகம் மாறவில்லை. கைனேஸ் வேலை செய்வது ஏற்பியின் மேல். இதை ஒளியேற்பிக்குள் ஏற்பி என்று எழுதிப் பாருங்கள், எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

சிலர் ‘ஒளிவாங்கி’ என்கிறார்கள். வகுப்பில் காதால் கேட்கும் மாணவருக்கு அது ஒலிவாங்கி, அதாவது மைக். ‘ஒளியுணரி’ கேமராவின் சென்சாருக்கும் போகும். ‘ஒளியுணர் செல்’ என்று சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. நீளம் என்பது ஒரு குறையா? ஓரெழுத்து, ஈரெழுத்து மிச்சம் பிடிக்கப் பொருளைப் பலிகொடுப்பதுதான் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம்.

அப்புறம், சுண்டெலியை வெறும் ‘எலி’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். ஆய்வகத்தில் எலி வேறு, சுண்டெலி வேறு. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் சுண்டெலியில் நடந்தவை. தமிழில் இரண்டுக்கும் தனிப்பெயர் எப்போதோ இருக்கிறது. புதிதாக ஆக்க வேண்டிய வேலைகூட இல்லை.