பனிக்கு ஓடாத ஓசனிச்சிட்டு

வட அமெரிக்காவின் ஓசனிச்சிட்டுகளில் (ஹம்மிங்பர்ட் எனும் தேன் குடிக்கும் குட்டிப் பறவைகள்) பெரும்பாலானவை குளிர் இறங்கும் முன்னரே தெற்கே கிளம்பிவிடும். அன்னா ஓசனிச்சிட்டு அப்படியல்ல. கனடாவின் வான்கூவரில், ஜனவரிப் பனியிலும் தோட்டங்களில் இதைப் பார்க்கலாம். எடை நான்கைந்து கிராம்தான். அந்த நகரம் 2017இல் இதைத் தன் பறவையாகவே அறிவித்துவிட்டது. (பெயரிலுள்ள அன்னா, பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் மனைவி, அவருக்கும் இந்த ஊருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

ஆனால் இது வடக்கத்திப் பறவையே அல்ல. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும்தான் கூடு கட்டியது. அங்கே மழைக்காலமே குளிர்காலம்தான். மழைக்குப் புதர்கள் பூக்கும். டிசம்பரிலேயே பெண்பறவை சிலந்தி நூலால் கூடு பின்னத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் ஊரைவிட்டுப் போகாதது இதன் பழைய பழக்கம், வடக்கே குடியேறியதுதான் புதிது. வழி திறந்துவிட்டவர்கள் மனிதர்கள்: ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ் குளிரிலும் பூத்தது, வீட்டுத் தோட்டங்கள் பெருகின, ஜன்னலோரம் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள் தொங்கின. தேனோடு சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்னும்.

பகலைச் சமாளித்துவிடலாம். வான்கூவரின் டிசம்பர் இரவோ ஏறக்குறைய 16 மணி நேரம். இவ்வளவு சிறிய உடலிலிருந்து வெப்பம் வேகமாக வெளியேறும். சேமித்த கொழுப்போ கொஞ்சம். அதனால், கையிருப்பு குறைந்த இரவுகளில் பறவை தணலைச் சாம்பலால் மூடி வைப்பதுபோல் தன்னையே அடக்கிக்கொள்கிறது. சுமார் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் உடல் வெப்பம், கடுங்குளிரில் 10 டிகிரியை நெருங்கும் அளவுக்குக் கூட இறங்கும். இதயத் துடிப்பும் மூச்சும் வெகுவாக மந்தமாகிவிடும். தொட்டாலும் அசையாது, செத்துவிட்டது என்றே தோன்றும்.

எழுவதற்குத்தான் செலவு அதிகம். பறப்பதற்கான மார்புத் தசைகளை நடுக்கி நடுக்கி உடலைச் சூடேற்ற வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கண்விழித்ததும் உடனே சர்க்கரை வேண்டும். அதனால்தான் உறைபனி நாட்களில் அங்குள்ளவர்கள் குப்பியை இரவில் வீட்டுக்குள் எடுத்துவைத்து, விடியும் முன் மாட்டுகிறார்கள். சிலர் அதனருகில் பல்பு எரியவிடுகிறார்கள். கலவை எளிது: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயம் கலப்பது வீண்வேலை. குப்பியில் ஓரிடம் சிவப்பாக இருந்தாலே போதும்.