கேஸ் போயிடுச்சா, வில்லை போயிடுச்சா?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாம்பழக் கூழ் போட்டு வைத்திருக்கும் பெட்டி ஃப்ரீசர், நேற்று சாயங்காலம் கரண்ட் போய் உடனே திரும்பி வந்ததிலிருந்து குளிரவில்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. பார்க்க வந்தவர் கேஸ் போயிடுச்சு என்கிறார். நிரப்பச் சொல்லட்டுமா?”

வேண்டாம். அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஃப்ரீசர் குளிர்விக்கும் விதம் பள்ளிப் பாடம்தான். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிக்குழாய்க்குத் தள்ளும். அங்கே அது வெப்பத்தை விட்டு மறுபடி திரவமாகும். இது முழுக்க மூடிய சுற்று. உள்ளே இருப்பது பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்கிற பொருள் அல்ல, குழாயில் எங்காவது கசிந்தால்தான் குறையும். ‘நாலு வருஷமாச்சு, கேஸ் மாத்தணும்’ என்பது ஒரு மூடநம்பிக்கை. நிறையக் குடும்பங்களுக்கு வீண் செலவு வைக்கிற மூடநம்பிக்கை. அதைவிட முக்கியம், ஓடாத கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு கேஸ் இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கையை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். பெட்டி ஃப்ரீசர்கள் பலவற்றில் வெப்பம் விடும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் கம்ப்ரஸர் அரை மணி நேரம் ஓடினால் வெளிச்சுவர் வெதுவெதுப்பாக வேண்டும். ஓடியும் சுவர் சூடேறவில்லை, உள்ளே ஒரு பட்டையில் மட்டும் பனி பிடித்திருக்கிறது என்றால் அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். சுவர் நன்றாகச் சுட்டும் உள்ளே குளிர் போதவில்லையென்றால் மூடியின் ரப்பர், சுவரோடு ஒட்டிவைத்தது, ஷீட் கூரையின் அனல் ஆகியவற்றைப் பாருங்கள். சில மாடல்களில் கூலர்–ஃப்ரீசர் என்று ஒரு சுவிட்ச் உண்டு. துடைக்கும்போது அது மாறிப்போயிருக்கலாம்.

வாசகியின் வீட்டில் கம்ப்ரஸர் ஓடவே இல்லை. ‘ம்ம்ம்’ என்று சில நொடி முனகல், பிறகு ‘டிக்’. காரணம், கம்ப்ரஸரின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பீங்கான் வில்லை.

நம் வீட்டு சிங்கிள் பேஸ் மின்சாரத்துக்கு ஒரு குறை உண்டு. அது மோட்டாரின் காந்தப்புலத்தை முன்னும் பின்னும் ஆட்டுமே தவிரச் சுழற்றாது. நின்றிருக்கும் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியாது. அதற்காகத்தான் ஸ்டார்ட் வைண்டிங் என்று இரண்டாவது சுற்று. அது ஒரு தள்ளு தள்ளிவிட்டு உடனே ஒதுங்கிவிட வேண்டும், தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் கருகிவிடும். ஒதுக்குகிற வேலையைச் செய்வது அந்த வில்லை. ஆறியிருக்கும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 10 முதல் 40 ஓம்வரைதான், தாராளமாக வழிவிடும். வழிவிட்ட அந்த மின்சாரமே அதைச் சூடாக்கும். சுமார் 120 டிகிரியைத் தாண்டியதும் தடை ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறிக் கதவைச் சாத்திக்கொள்ளும். எல்லாம் ஒரு நொடிக்குள். இதில் அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை.

அந்த வில்லை பேரியம் டைட்டனேட் என்ற பொருளால் ஆனது. தூய நிலையில் மின்கடத்தாப் பொருள். 1940களில், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டருக்காக ஆராயப்பட்டது. அதில் லாந்தனம் போன்ற ஒரு தனிமத்தைத் துளியூண்டு கலந்து சுட்டால் மின்சாரம் கடத்தும். அரிசி மணிகளை அழுத்திப் பிடித்த உருண்டைபோல அது நுண்ணிய படிக மணிகளால் ஆனது. மணியும் மணியும் தொடும் எல்லையில் எலக்ட்ரான்களுக்கு ஒரு தடுப்பு உண்டு. குளிர்ந்த நிலையில் படிகம் லேசாக நீண்டிருக்கிறது. அதனால் எழும் உள்மின்னூட்டம் அந்தத் தடுப்பைத் தணித்துவைக்கிறது. 120 டிகிரியில் படிகம் சரியான கனசதுரமாகிவிடும், உள்மின்னூட்டம் மறையும், ஒவ்வொரு எல்லையிலும் தடுப்பு உயரும். இந்தக் குணம் 1950களில் கண்டறியப்பட்டபோது யாரும் ஃப்ரீசரை மனதில் வைத்துத் தேடவில்லை. ‘என்ன பயன்?’ என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்களிடம் இந்த வில்லையைக் கையில் கொடுக்க வேண்டும். கொசுவிரட்டி லிக்விட் மெஷினைச் சூடாக்குவதும் இதே இனத்து வில்லைதான்.

கம்ப்ரஸர் ஓடும் நேரமெல்லாம் வில்லை சூடாகவே இருக்கும். கரண்ட் போய் பத்து நொடியில் வந்தால் அது ஆறியிருக்காது, கதவு சாத்தியே இருக்கும். தள்ளிவிட ஆளில்லாமல் மோட்டார் நின்ற இடத்திலேயே பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்தச் சூட்டில் ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்சுக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். அதுதான் ‘டிக்’. சில நிமிடத்தில் இரண்டும் ஆறி, தானே கிளம்ப வேண்டும். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடத் தாமதம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். குழாயின் இரு பக்க அழுத்தமும் அதற்குள் சமமாகிவிடும்.

ஒன்றிரண்டு ‘டிக்’ இயல்பு. ராத்திரி முழுக்க அடித்தால் பழுது.

பிளக்கைப் பிடுங்கிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பக்க மூடியைத் திறந்து வில்லையை உள்ளே வைத்திருக்கும் ரிலே என்ற சின்னப் பெட்டியை நேராக இழுத்தால் கையோடு வரும். பக்கத்தில் கெப்பாசிட்டர் இருந்தால் அதன் முனைகளைத் தொடாதீர்கள். ரிலேவைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். ‘கலகல’ என்றால் வில்லை உடைந்துவிட்டது. கருகல் வாடை, கறுப்புத் தூள் இருந்தாலும் அதே முடிவு. சில நூறு ரூபாய்க்குள் புதிது கிடைக்கும், பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே வகையாக வாங்குங்கள்.

ரிலே நன்றாக இருந்தால் கம்ப்ரஸரின் மூன்று ஊசிகளையும் மல்டிமீட்டரில் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். இரண்டு சிறிய அளவுகளின் கூட்டல் பெரிய அளவுக்குச் சமம்: 12, 18 ஓம் என்றால் மூன்றாவது 30. ஏதாவது ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பு காட்டினால் கம்ப்ரஸர் போயிற்று. அளவெல்லாம் சரி, புது ரிலே போட்டும் ‘டிக்’ என்றால் வோல்டேஜைப் பாருங்கள். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் ஊர்க்கோடி வீடுகளில் அது இறங்கும். 230க்குப் பதில் 180 வந்தால் கிளம்பும் விசை 61 சதவீதத்துக்கு விழும். விசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. வோல்டேஜும் சரியென்றால் கம்ப்ரஸர் உள்ளே இறுகியிருக்கலாம்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மாடலில் இந்த வில்லையே கிடையாது, எலெக்ட்ரானிக் போர்டுதான். வீட்டில் கைவைக்க வேண்டாம். கேஸ் குழாயையும் நீங்கள் திறக்கக் கூடாது. லேபிளில் ஆர் 600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸ் போலவே தீப்பற்றும். ஆனால் கசிந்தால் காட்டிக்கொடுக்கும் வாடை அதில் இருக்காது.

பழுது சரியாகும்வரை ஃப்ரீசரின் மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. திறக்கும்போது கூழுக்குள் ஐஸ் படிகங்கள் நறநறவென்று இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்டதென்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.