டிவி லைசென்ஸ் ஃபீ: சந்தாவா, வரியா, உரிமக் கட்டணமா?

பிரிட்டனில் டிவி பார்க்கிறவர்கள் ஆண்டுதோறும் கட்டும் பணம்தான் டிவி லைசென்ஸ் ஃபீ, அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. பிபிசி பற்றிய செய்திகளில் இந்த லைசென்ஸ் ஃபீயைச் சிலர் ‘சந்தா’ என்று எழுதிவிடுகிறார்கள். இது பொருளையே மாற்றிவிடும். சந்தா என்றால் வேண்டும்வரை கட்டலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். பிரிட்டனில் அப்படி இல்லை. பிபிசி பக்கமே போகாமல் வேறு சேனலை நேரலையில் பார்த்தால்கூட லைசென்ஸ் எடுத்தாக வேண்டும், எடுக்காமல் பார்ப்பது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். 2025 ஏப்ரலில் இந்தக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது.

லைசென்ஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லிகென்டியா’ என்றால் அனுமதி. சரி, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு யார் அனுமதி தருவது? கம்பியில்லாத் தந்தியை அனுப்பவும் பெறவும் அரசின் உரிமம் வேண்டும் என்று பிரிட்டன் 1904இலேயே சட்டம் போட்டுவிட்டது. 1922இல் பிபிசி வானொலி தொடங்கியபோது வானொலிப் பெட்டியும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. தபால் துறை 10 ஷில்லிங் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் கொடுத்தது, அந்தப் பணத்தில் ஒரு பங்கு பிபிசிக்குப் போனது. ஆக, அனுமதிச் சட்டம்தான் முதலில் வந்தது, பொது ஒலிபரப்புக்கு நிதி திரட்டும் வேலை பிறகு அதன்மேல் ஏறிக்கொண்டது. 1946இல் டிவிக்கும் சேர்த்து 2 பவுண்டு லைசென்ஸ் வந்தது, 1971இல் வானொலிக்கான தனி லைசென்ஸ் போய்விட்டது. இந்தியாவிலும் ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு. 1980களில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி அரசு மானியத்தையும் விளம்பரத்தையும் நம்பி நடக்கிறது. பார்ப்பவர்களின் பணம் நேராக வராமல் அரசின் கையை எதிர்பார்த்திருக்கும் நிறுவனம் அரசைக் கேள்வி கேட்பது கடினம் என்பதால், அந்தக் கட்டணம் போனது எனக்கு நல்லதாகப் படவில்லை.

‘வரி’ எனலாமா? பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2006இல் இதை வரி என்றுதான் வகைப்படுத்தியது. ஆனால் பின்லாந்தில் 2013 முதல் பொது ஒலிபரப்புக்காக வாங்குவதுதான் பெயரிலேயே வரி, அதனால் அந்தச் சொல்லை அதற்கு விட்டுவிடுவோம். ஜெர்மனியில் அதே 2013 முதல் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் பங்களிப்பு என்றே பொருள், அங்கே உரிமம் என்ற பேச்சே இல்லை.

பிரிட்டன் கட்டணத்துக்கு ‘தொலைக்காட்சி உரிமக் கட்டணம்’ என்பது பொருந்தும். ஓட்டுநர் உரிமம் என்று சொல்லிப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது உடனே புரியும். சாரதி அனுமதிப்பத்திரம் என்று சொல்லும் இலங்கையில் ‘அனுமதிப்பத்திரக் கட்டணம்’ இயல்பாக இருக்கும். லத்தீன் பொருளுக்கும் அதுதான் நெருக்கம். ‘ஒளிபரப்பு உரிமக் கட்டணம்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அது சேனல் நடத்துகிறவர் அரசுக்குக் கட்டும் பணம். இங்கே கட்டுவது டிவி பார்க்கிறவர்.